ஆளுக்கு இரண்டு சுரம்

ஒரு பாமாலை மெட்டைப் பதினொரு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு இரண்டு சுரம் கிடைக்கும். கைமணிக் குழு அப்படிப் பங்கு வைத்த இசைதான். மெத்தை விரித்த நீள மேசையில் சின்னதும் பெரியதுமாக வெண்கல மணிகள். வியர்வை பட்டால் கறுத்துவிடும் என்று எல்லார் கையிலும் உறை. தன் முறை வந்ததும் மணியை வீசி ஒலிக்க வேண்டும். சுரத்தின் அளவு முடிந்ததும் தோளில் ஒற்றி அடக்க வேண்டும். இந்த அடக்குதலை எங்கே வைப்பது என்று அறிந்தவரே நல்ல இசையமைப்பாளர்.

இங்கிலாந்தில் கோபுர மணி அடிப்பவர்கள் பயிற்சிக்கு வைத்திருந்த கருவி இது. பாஸ்டனைச் சேர்ந்த மார்கரெட் ஷர்கிளிஃப் 1902இல் லண்டனில் பரிசாகப் பெற்ற மணிகளோடு ஊர் திரும்பினார். 1954இல் அமெரிக்கக் கைமணியாளர் சங்கம் உருவானது. பிறகு தேவாலயங்கள் இதைத் தமதாக்கிக்கொண்டன. பாமாலைகளுக்கான அச்சுப் பிரதிகளும் பெருகின.

பாட்டுப் புத்தகத்தின் நாற்குரல் இசையை அப்படியே மணிக்கு மாற்றுவது பலரும் செய்யும் முதல் தவறு. கைமணியில் அடிப்படைச் சுரத்தோடு, அதற்கு ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் மேலே உள்ள சுரமும் சேர்ந்தே கேட்கும். கீழ் ஸ்தாயியில் நெருக்கமான சுரங்களைச் சேர்த்து ஒலித்தால் இந்த உபசுரங்கள் முட்டிக்கொள்ளும். கேட்பவருக்கு இரைச்சல்தான் மிஞ்சும். கைதேர்ந்தவர்கள் அடியில் ஸ்தாயியையும் பஞ்சமத்தையும் மட்டும் வைத்து, மற்றவற்றை மேலே தள்ளுவார்கள்.

'அமேசிங் கிரேஸ்' பாடலை எடுத்துக்கொள்வோம். ஜான் நியூட்டனின் வரிகளை 1835இல் வில்லியம் வாக்கர் இன்றைய மெட்டோடு இணைத்தார். ஐந்தே சுரம், நம் காதுக்கு மோகனம். அடுத்தடுத்த சுரங்களுக்கு நடுவே அரைச்சுர இடைவெளி இல்லாததால், மணிகளை அடக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்க விட்டாலும் உறுத்தாது. லூதரின் 'ஐன் ஃபெஸ்ட்டே புர்க்' மெட்டில் இதையே செய்தால் குழப்பம்தான். அதன் வரிகள் படிப்படியாக இறங்குபவை. ஒவ்வொரு சுரத்தையும் உடனே அடக்க வேண்டும். வீராப்பான இடங்களில் மணியை மெத்தைமேல் அறைந்து ஒலிப்பதும் பொருந்தும்.

புதிய ஆராதனைப் பாடல்கள் வேறு வகைத் தலைவலி. கிதாரையும் டிரம்ஸையும் நம்பிப் பிறந்தவை அவை. ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும், தாளம் அடிக்கு முன்னும் பின்னும் நழுவும். அந்தச் சுரம் யாருடையதோ அவர் கை ஓய்ந்துவிடும். மேசையில் கிடக்கும் மணியைச் சிறு சுத்தியால் தட்டித் தாளத்தைக் காட்டுவது ஒரு வழி. 2001இல் வந்த 'இன் கிரைஸ்ட் அலோன்' போல, நாட்டுப்பாடல் சாயலில் மெட்டே முன்னால் நிற்கும் பாடல்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

நம் பக்கம் வந்தால், பாமாலைகளில் பெரும்பாலானவை மேலை மெட்டுகள். மணிக்குச் சுலபமாக வரும். வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளின் கதை வேறு. மணிக்குக் கமகம் தெரியாது. ராகத்தின் எலும்புக்கூடுதான் ஒலிக்கும்.

உங்கள் சபைக்குப் பிரதி வாங்குவதானால் முதலில் கீழ் வரியைப் பாருங்கள். அங்கே சுரங்கள் நெருங்கிக் கிடந்தால் அந்தப் பிரதி வேண்டாம்.