பதினான்கு ஸ்லைடுகளில் ஒரு சேனல்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பள்ளியில் என்னோடு படித்த நண்பன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். காரியாபட்டி பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். "மாப்ள, நீ கம்ப்யூட்டர்காரன். ஒரு தடவை பாத்துட்டு உள்ளதச் சொல்லு" என்றான். மொத்தம் பதினான்கு ஸ்லைடு. விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளின் விளையாட்டுப் போட்டிகளுக்கென்றே ஒரு தொலைக்காட்சிச் சேனல். சிவகாசியில் அவன் அப்பா பங்குதாரராக இருந்த அச்சகத்தில் தனக்கு வரவேண்டிய பங்கை விற்று முதல் போடப்போகிறானாம்.

ஒன்பதாவது ஸ்லைடின் தலைப்பு 'வருவாய் வாய்ப்பு'. இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு. அதன் அடியில் 'முன்மாதிரி: அமெரிக்காவின் பிக் டென் நெட்வொர்க்'. பிழைப்புக்காக நானும் இப்படிப்பட்ட கோடுகளை வரைந்திருக்கிறேன். கோடு ஏறும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் இதில் ஒருத்தன் அப்பா சொத்து போகிறது. அதனால் அந்த ஸ்லைடுகளை ஒரு புத்தகத்தைப் படிப்பதுபோலப் படித்து விமர்சனம் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுதித் தந்தது கொஞ்சம் நீண்டுவிட்டது. அதுதான் இது.

முதலில் அந்த முன்மாதிரி. பிக் டென் என்பது அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டணியாக உருவானது. அவர்கள் அதை 'கான்ஃபரன்ஸ்' என்பார்கள். 1896இல் ஏழு பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. வருடா வருடம் அதே கல்லூரிகள் அதே கல்லூரிகளோடு மோதும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் (அவர்களுடைய கால்பந்து, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது) ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள். படித்து முடித்தவன், அவன் மகன், அந்தக் கல்லூரி வாசலையே மிதிக்காத பக்கத்து ஊர்க்காரன் எல்லோரும் வந்து உட்காருவார்கள். 1984 வரை எந்த ஆட்டம் டிவியில் வரவேண்டும் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்புதான் முடிவு செய்தது. அந்த ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏகபோகம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகுதான் கல்லூரிகளும் கூட்டணிகளும் தங்கள் ஒளிபரப்பு உரிமையைத் தாங்களே விற்க முடிந்தது.

பிக் டென் நெட்வொர்க் 2007 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. 51 சதவீதம் கூட்டணிக்கு, 49 சதவீதம் ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு. இரண்டே நாளில், செப்டம்பர் 1ஆம் தேதி, எந்தச் சேனலும் கனவு காணும் ஆட்டம் அதற்குக் கிடைத்தது. தேசிய அளவில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகனை, ஒரு பிரிவு கீழே ஆடும் அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரி, மிச்சிகனின் சொந்த மைதானத்திலேயே 34-32 என்று வீழ்த்தியது. அந்த நேரலையை நிறையப் பேரால் பார்க்க முடியவில்லை. காம்காஸ்ட் போன்ற பெரிய கேபிள் நிறுவனங்கள் அந்தச் சேனலை இன்னும் எடுத்திருக்கவில்லை.

சண்டை கட்டணத்தைப் பற்றி. தங்கள் கல்லூரிகள் இருக்கும் எட்டு மாநிலங்களில் வீட்டுக்கு மாதம் ஒரு டாலருக்குச் சற்று மேலும், மற்ற இடங்களில் பத்து சென்ட் அளவிலும் சேனல் கேட்டது. விரும்பிப் பார்க்கிறவர்களிடம் மட்டும் என்று இல்லை, அடிப்படைத் தொகுப்பு வாங்கும் எல்லா வீட்டிலும். காம்காஸ்ட் ஒப்புக்கொண்டது அடுத்த ஆண்டு ஜூனில்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க தீபாவளிச் சீட்டு போதும். தெருவில் ஐம்பது வீடு மாதாமாதம் சீட்டுக் கட்டுகிறது. தீபாவளிக்குப் பட்டாசுப் பெட்டி வாங்கிக்கொள்வது பத்து வீடு. மீதி நாற்பது வீட்டுக்குத் தாங்கள் பட்டாசுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறோம் என்பதே தெரியாது. நிஜச் சீட்டில் இது நடந்தால் பிடித்தவரை ஊரைவிட்டுத் துரத்துவார்கள். கேபிளில் இதற்குப் பெயர் பேக்கேஜ். பிக் டென் சேனலின் வருமானத்தில் பெரும்பங்கு, அதைப் போட்டுப் பார்க்காத வீடுகளிலிருந்து வந்தது. 2014இல் ரட்கர்ஸ், மேரிலாந்து என்ற இரண்டு கல்லூரிகளைக் கூட்டணியில் சேர்த்தார்கள். அவற்றின் ஆட்டத்தைவிட, அவற்றுக்குப் பின்னால் நியூயார்க், வாஷிங்டன் சுற்றுவட்டாரங்களில் இருந்த கேபிள் வீடுகள்தான் பெரிய ஈர்ப்பு.

நண்பனின் ஸ்லைடில் இல்லாத பெயர் ஒன்று உண்டு: பேக்-12. மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்களின் கூட்டணி. இவர்களும் 2012இல் சேனல் தொடங்கினார்கள். தேசிய அளவில் ஒன்று, வட்டாரத்துக்கு ஆறு, ஆக மொத்தம் ஏழு. பங்காளி யாரும் வேண்டாம், முழுக்க நமதே இருக்கட்டும் என்றார்கள். டைரக்டிவி என்ற பெரிய டிடிஎச் நிறுவனத்தோடு கடைசிவரை ஒப்பந்தம் அமையவில்லை. அதற்குள் ஜனங்கள் கேபிளையே வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். காம்காஸ்டிடமிருந்து சுமார் 5 கோடி டாலர் கூடுதலாக வந்த விவகாரம் 2023இல் வெளியே வந்து, இரண்டு உயரதிகாரிகள் வேலை இழந்தார்கள். 2024இல் பன்னிரண்டு கல்லூரிகளில் பத்து வேறு கூட்டணிகளுக்குப் போய்விட்டன. சேனலும் மூடப்பட்டது. பேக்-12இலும் பெரிய பல்கலைக்கழகங்கள் இருந்தன, நல்ல ஆட்டமும் இருந்தது. சீட்டுக் கட்ட வீடுகள்தான் போதவில்லை.

அந்தச் சீட்டு நம் ஊரில் உண்டா?

2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது கிட்டத்தட்ட இருந்தது. வருவதைப் பார்த்தோம். 2019 பிப்ரவரி 1 முதல் டிராயின் புதிய கட்டண முறை வந்து, கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் விலை ஒட்டியது. வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பார்ப்பவர் கைக்குப் போனது. எங்கள் பகுதி கேபிள்கார அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, அஞ்சு ரூவா கூட்டுனா வீட்டுக்கு வீடு சண்ட. சீரியல் சேனல் ஒரு நாள் வரலைன்னா ராத்திரியே போன் அடிச்சு ஏசுறாங்க. காலேஜ் வாலிபால் வரலைன்னு எவன் தம்பி வந்து கேப்பான்?" என்றார். காம்காஸ்டோடு பத்து மாதம் மல்லுக்கட்ட பிக் டென்னுக்கு இருந்த பலம் அதுதான்: வரவில்லை என்றால் வந்து கேட்க ஆள் இருந்தது.

கணக்குப் போட்டுக் காட்டினேன். இருபதாயிரம் வீடு, மாதம் ஐந்து ரூபாய் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12 லட்சம். விநியோகஸ்தருக்குக் குறைந்தது 20 சதவீதம், தள்ளுபடியும் சேர்ந்தால் 35 வரை. கைக்கு வருவது 7.8 லட்சத்திலிருந்து 9.6 லட்சம். நான்கு கேமரா, ஸ்விட்சர், ஜெனரேட்டர், ஆட்கள், சாப்பாடு என்று நாளுக்கு 30 ஆயிரம் வைத்தால், அறுபது நாளுக்கு 18 லட்சம். இது செயற்கைக்கோள் சேனல் என்றால். அதற்கு அனுமதி கேட்கவே நிறுவனத்துக்கு 5 கோடி ரூபாய் நிகர மதிப்பு வேண்டும். "அப்ப யூடியூப்ல போட்டுக்கலாம் மாப்ள." போடலாம். விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நமக்குத்தான். எதில் 55 சதவீதம் என்பதுதான் கேள்வி.

அவன் விடவில்லை. "கபடியை எவன் டிவியில பாப்பான்னாங்க. புரோ கபடி என்னாச்சு?"

நியாயமான கேள்வி. புரோ கபடி லீக் 2014 ஜூலையில் எட்டு அணிகளோடு தொடங்கியது. மறு ஆண்டே லீகை நடத்தும் மாஷல் ஸ்போர்ட்ஸில் 74 சதவீதத்தை ஸ்டார் வாங்கியது. 2021இல் ஐந்து பருவங்களுக்கான ஒளிபரப்பு உரிமை 908 கோடி ரூபாய்க்குப் போனது, வாங்கியதும் ஸ்டார்தான். அமெரிக்காவில் கூட்டணி சேனல் ஆரம்பித்தது. இங்கே சேனல் லீகையே வாங்கிக்கொண்டது. கையில் பணமும் அலைவரிசையும் இருப்பவனுக்கு அது சாத்தியம். அச்சகப் பங்கை விற்று வருகிறவனுக்கு ஆகாது. ஆனால் புரோ கபடியில் அவன் கவனிக்காமல் விட்டது வேறொன்று. அதே எட்டு அணிகள் திரும்பத் திரும்ப மோதின. இன்று தோற்றவன் அடுத்த வாரம் பழி வாங்க வந்தான். பார்ப்பவனுக்கு யார் பக்கம் நிற்பது என்று முடிவு செய்ய நேரம் கிடைத்தது.

நம் கல்லூரி விளையாட்டில் இல்லாதது அந்த நேரம்தான். கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் 2020இல் புவனேஸ்வரில் தொடங்கின. பிறகு பெங்களூரு, உத்தரப் பிரதேசம், வடகிழக்கு என்று ஊர் ஊராகப் போகின்றன. அரசு மனம் வைத்தால் ஒளிபரப்பு ஒரு தடையே அல்ல. 2024 ஜனவரி 19 அன்று சென்னையில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழா மேடையிலேயே, பொதிகையாக இருந்த சேனலும் டிடி தமிழாகத் தொடங்கிவைக்கப்பட்டது. மேடையும் சேனலும் ஒரே நாளில் கிடைத்தன. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை, சில நாள்கள், வேறு வேறு ஊரில் நடப்பதன்மீது யாருக்கும் பற்று வளராது.

மாவட்ட அளவில் இன்னும் மோசம். நான் கல்லூரி வாலிபால் அணியில் பெஞ்ச் தேய்த்தவன். அதிகாலை நாலரைக்குப் பேருந்து. ஒன்பது மணிக்கு ஆட்டம். நாக்-அவுட். ஒன்பதே முக்காலுக்குத் தோற்றுவிட்டோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் திரும்பிவிட்டோம். அந்த வருடத்து சீசன் அவ்வளவுதான். எதிரணியில் ஆடியவர்களை அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை. யாரையும் வெறுக்கக்கூட வாய்ப்பில்லை.

பேருந்தில் எங்கள் உடற்கல்வி ஆசிரியர் எல்லோரிடமும் கேட்டது ஒன்றுதான்: "சர்ட்டிபிகேட்ட மடக்காம வச்சிருக்கீங்களாடா?" அவர் கேட்டதில் தப்பில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, போலீஸ் என்று வேறு வாசல்களும் உண்டு. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி ஆடியதற்கான தாளுக்கு அங்கெல்லாம் மதிப்பு. நம் கல்லூரி ஆட்டத்தின் முக்கியமான பார்வையாளர் கேலரியில் இல்லை. என்றோ ஒருநாள் ஏதோ ஓர் அலுவலகத்தில் அந்தத் தாளைச் சரிபார்க்கப்போகும் அதிகாரிதான் அவர். அவர் சேனலுக்குச் சந்தா கட்ட மாட்டார்.

பிக் டென் சேனல் தொடங்கும்போது அந்தக் கூட்டணிக்கு வயது 111. பற்று முதலில் வந்தது, கேமரா பிறகு வந்தது. நண்பனின் திட்டம் கேமராவிலிருந்து தொடங்குகிறது. கேமரா வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பட்டாசுக் கடை விளம்பரம் வரும் என்கிறது. விளம்பரம் வரும்தான், இல்லையென்று சொல்லவில்லை. கல்லூரிப் போட்டிகள் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதத்தில் மட்டும் நடப்பதில்லையே.

இன்னொரு ஸ்லைடும் என்னை உறுத்தியது. பதினோராவது. 'வீரர்களுக்கு: டி-ஷர்ட், சான்றிதழ்.' அமெரிக்காவில் நூறாண்டு காலம் ஏறத்தாழ இதுதான் நிலைமை. படிப்புச் செலவைத் தருகிறோம், போதாதா என்றார்கள். பிக் டென் 2022இல் போட்ட ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல். ஆடுகிற மாணவர் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்ததே 2021 ஜூலையில்தான். கல்லூரி நேரடியாகப் பங்கு தரலாம், முதலாண்டில் 2 கோடி டாலருக்குச் சற்று மேல் வரை என்று நீதிமன்றத்தில் முடிவானது 2025 ஜூனில். வழக்குமேல் வழக்குப் போட்டு வாங்கினார்கள்.

இங்கே அவ்வளவு பணம் இல்லை. ஆனால் ஆடப்போவது யார்? அம்மா பட்டாசு ஆலையில் கூலிக்குப் போக, விளையாட்டு ஒதுக்கீட்டில் கட்டணம் குறைந்ததால் கல்லூரிக்கு வந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஷார்ட்ஸ் போட்டு ஆடுவது வீட்டுக்குத் தெரியலாம், சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நேரலைக்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டும். காசு வந்தால் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் அவன் ஸ்லைடில் இடமில்லை. "யோசிக்கல மாப்ள" என்றான். அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

திட்டத்தில் மிஞ்சுவது பன்னிரண்டாவது ஸ்லைடு. எட்டுக் கல்லூரிகள், சனிக்கிழமை சனிக்கிழமை, ஒவ்வோர் அணியும் மற்ற ஏழோடும் இரண்டு முறை, ஒன்று இவர்கள் மைதானத்தில், மற்றது அவர்கள் மைதானத்தில். மொத்தம் 56 ஆட்டம். சேனலில் போட ஆட்டம் வேண்டுமே என்று நிரப்பி வைத்த அட்டவணை அது. எனக்கு அதுதான் திட்டமாகப் பட்டது. சேனலை அடித்துவிட்டு அதை மட்டும் வை என்றேன்.

விமர்சனத்தை அனுப்பி இரண்டு வாரம் பதில் இல்லை. கோபம் என்று நினைத்தேன். பிறகு போன் வந்தது. அச்சகப் பங்கை இப்போதைக்கு விற்கவில்லை. மூன்று கல்லூரிகளின் உடற்கல்வி ஆசிரியர்களைப் பார்த்துப் பேசியிருக்கிறான். இரண்டு பேர் சரி என்றார்கள்; ஒருவர், பல்கலைக்கழக அங்கீகாரம் இல்லாத போட்டியின் சான்றிதழ் எதற்கும் ஆகாதே, பிள்ளைகள் ஏன் வரணும் என்று கேட்டாராம்.

"அதுக்கு என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லத் தெரியல. நீ ஏதாச்சும் எழுதிக் குடு மாப்ள, அடுத்த வாரம் திரும்பப் போறேன்" என்றான்.