பற்றாக்குறை கற்றுக்கொடுத்த கதைகள்

1982இல் அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம் ‘டெட்லைன்’ என்ற துப்பறியும் விளையாட்டை வெளியிட்டது. பூட்டிய அறைக்குள் ஒரு பணக்காரர் செத்துக் கிடக்கிறார். தற்கொலையா, கொலையா என்று கண்டுபிடிக்க வேண்டும். படம் கிடையாது, சத்தம் கிடையாது, திரையில் எழுத்து மட்டும். ஆனால் எழுதியது முழுவதும் ஃப்ளாப்பியில் அடங்கவில்லை. மிஞ்சியதை என்ன செய்வது? சாட்சிகளை விசாரித்த குறிப்புகள், ஆய்வக அறிக்கை எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்து, தடயமாகச் சில மாத்திரைகளையும் சேர்த்துப் பெட்டிக்குள் போட்டார்கள். கணிப்பொறியைப் போடும் முன்பே வாங்கியவர் துப்பறிவாளர் ஆகிவிட்டார். அதன் பிறகு இன்ஃபோகாமின் ஒவ்வொரு பெட்டியிலும் இப்படி ஏதாவது வேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்க்கத் தொடங்கினார்கள்.

வீடியோ கேம்கள் சினிமாவைப் பார்த்துத்தான் கதை சொல்லப் பழகின என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நினைவகம் போதாமை, வட்டு மெதுவாகச் சுழல்வது, செயலி திணறுவது ஆகியவைதான் இந்தக் கலையின் ஆசான்கள். சினிமாவைப் போல ஆக முயன்ற காலம்தான் அதன் வறண்ட காலம்.

தொடக்கத்தைப் பார்ப்போம். வில் க்ரௌதர் ஒரு நிரலாளர். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் வேலை பார்த்தவர். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைக்குள் ஊர்ந்து திரிந்து வரைபடம் எடுத்தவர்களில் ஒருவரும்கூட. மணமுறிவுக்குப் பின், மகள்கள் விளையாடுவதற்காக எழுபதுகளின் நடுவில் அந்தக் குகையையே ஃபோர்ட்ரானில் எழுதினார். 1977இல் ஸ்டான்ஃபோர்டின் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். ‘கொலோசல் கேவ் அட்வெஞ்சர்’ பிறந்தது இப்படித்தான். நீங்கள் ஓரிரு சொற்களில் கட்டளை தட்டுவீர்கள், இயந்திரம் அடுத்து என்ன தெரிகிறது என்று சொல்லும். அதைப் பார்த்து எம்.ஐ.டி. மாணவர்கள் எழுதிய ‘சோர்க்’ அன்றைய வீட்டுக் கணிப்பொறிகளுக்குள் நுழைய முடியாத அளவு பெரிது. எனவே மூன்றாக வெட்டி, ஒவ்வொரு கணிப்பொறிக்கும் மாற்றி எழுதும் தொல்லையைத் தவிர்க்கக் கற்பனை இயந்திரம் ஒன்றையும் வடிவமைத்தார்கள். அந்த ‘இசட் மெஷின்’ இன்றைய கைப்பேசியிலும் ஓடுகிறது. நாற்பது வயதைத் தாண்டிய மென்பொருளில் எத்தனைக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?

பழையது என்பதாலேயே நான் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. எந்த வினைச்சொல்லைத் தட்டினால் கதவு திறக்கும் என்று மணிக்கணக்கில் திண்டாடுவது கதை அனுபவம் ஆகாது. படம் வந்த பிறகும் கொடுமை தீரவில்லை. 1999இல் வந்த ‘கேப்ரியல் நைட் 3’ இல் ஒருவரைப் போல வேடமிடப் பூனை மயிரை ஒட்டி மீசை செய்ய வேண்டும். அந்த ஆளுக்கோ மீசையே கிடையாது! இந்த வகை விளையாட்டுகள் ஏன் அழிந்தன என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு புதிரே போதும்.

இனி சினிமா மோகத்துக்கு வருவோம். அதன் வேர் கணிப்பொறிக்கு வெளியே இருக்கிறது. 1967இல் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக் இயக்குநர் ராடுஸ் சின்செரா ‘கினோஆட்டோமாட்’ என்ற படத்தைக் காட்டினார். முக்கியக் கட்டங்களில் படம் நிற்கும், பார்வையாளர்கள் பொத்தானை அழுத்தி வாக்களிப்பார்கள், பெரும்பான்மை சொன்ன வழியில் கதை போகும். எந்த வழியில் போனாலும் அடுத்த திருப்பத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேரும்படிதான் கதையை அமைத்திருந்தார். 2012இல் வந்த டெல்டேலின் ‘தி வாக்கிங் டெட்’ வரைக்கும் பிழைப்பை நடத்துவது இதே சூட்சுமம்தான்.

டிஸ்னியை விட்டு ஏற்கெனவே வெளியேறியிருந்த டான் ப்ளூத், 1983இல் லேசர் வட்டில் ‘டிராகன்ஸ் லேயர்’ செய்தார். முழு நீளக் கார்ட்டூன் போல அழகு. ஆட்டக்காரருக்கு வேலை? சரியான நொடியில் குச்சியைச் சரியான பக்கம் தள்ளுவது, அவ்வளவே. சீடி வந்ததும் இந்த நோய் முற்றியது. 1.44 மெகாபைட் ஃப்ளாப்பியில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு 650 மெகாபைட் கிடைத்தால் கை சும்மா இருக்குமா? நடிகர்களை வைத்துப் படம் பிடித்து நிரப்பினார்கள். 1987இலேயே படமாக்கப்பட்டு, 1992இல் சேகா சீடியில் வெளிவந்த ‘நைட் டிராப்’ அமெரிக்க செனட் விசாரணை வரை போய், தரச் சான்று வாரியம் உருவாகக் காரணமானது. அதன் வரலாற்றுப் பங்களிப்பு அது மட்டுமே. 1994இல் ‘விங் கமாண்டர் 3’ நான்கு சீடிகளில், மார்க் ஹாமிலின் நடிப்போடு வந்தது. அந்தத் தொடரை உருவாக்கிய க்ரிஸ் ராபர்ட்ஸ் 1999இல் அதையே திரைப்படமாகவும் இயக்கினார். படம் படுத்துவிட்டது.

அதே சீடியில்தான் ‘மிஸ்ட்’ உம் வந்தது, 1993இல். ராண்ட், ராபின் மில்லர் சகோதரர்கள் மெக்கின்டாஷின் ஹைப்பர்கார்டு கருவியில் கட்டியது. அன்றைய சீடி டிரைவ் மெதுவானது என்பதால் அசையும் உலகம் காட்ட முடியாது. தீவு முழுவதும் அசையாத படங்கள். வீடியோவோ தபால்தலை அளவில்தான் ஓடும். சகோதரர்கள் அந்தக் குட்டிச் சதுரத்தைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் பதித்தார்கள். புத்தகத்துக்குள் ஒருவன் சிறைப்பட்டிருக்கிறான், இரைச்சலுக்கு நடுவே பேசுகிறான். காணாமல் போன தாள்களைத் தேடி நீங்கள் சேர்க்கச் சேர்க்க உருவமும் குரலும் தெளிகின்றன. வீடியோ மோசமாக இருப்பதே கதையாகிவிட்டது. பணமில்லாமல் தாங்களே நடித்த இந்தச் சகோதரர்களின் படைப்பு, 2002இல் ‘தி சிம்ஸ்’ முந்தும்வரை உலகில் அதிகம் விற்ற பிசி விளையாட்டாக இருந்தது. என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

பிளேஸ்டேஷன் காலத்திலும் கதை இதுதான். 1996இன் ‘ரெசிடென்ட் ஈவில்’ இல் ஒவ்வொரு கதவும் இருட்டில் மெதுவாக, கிறீச்சிட்டுத் திறக்கும். அடுத்த அறையைச் சீடியிலிருந்து ஏற்றுவதற்கான அவகாசம் அது. நமக்கோ வயிற்றைக் கலக்கும். 1999இன் ‘சைலன்ட் ஹில்’ நகரத்தில் பத்தடிக்கு அப்பால் பனிமூட்டம். தூரத்துக் கட்டடங்களை வரைய அந்த இயந்திரத்துக்குத் திராணியில்லை, பனியால் மூடினார்கள். தொடரின் அடையாளமே பனி என்றானது. 2012இல் இரண்டாம், மூன்றாம் பாகங்களை ஹெச்டியில் புதுப்பித்தபோது பனி மெலிந்து, மறைந்திருக்க வேண்டியதெல்லாம் வெளியே தெரிந்தது. இறுதி நிரல் பாதுகாக்கப்படவில்லை, முடிவுறாத பதிப்பை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தோம் என்று அதன் தயாரிப்பாளர் பிறகு சொன்னார்.

இன்று அந்தக் குறைகள் எதுவும் இல்லை. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ (2013) நன்றாக எழுதப்பட்டது, 2023இல் ஹெச்பிஓ தொடராகவும் வெற்றி பெற்றது. ஆனால் அது எளிதில் தொலைக்காட்சிக்கு இடம் பெயர்ந்ததே எனக்கு உறுத்துகிறது. விளையாடாமலே அதன் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறதே! இன்றைய படைப்பாளிகளில் நான் மதிப்பவர்கள் குறையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிக்கொள்பவர்கள். சாம் பார்லோவின் ‘ஹெர் ஸ்டோரி’ (2015) உங்கள் முன் 1994ஆம் ஆண்டுக் காவல்துறைக் கணிப்பொறி ஒன்றை வைக்கிறது. ஒரு பெண்ணின் விசாரணைத் துண்டுகளைச் சொல் தட்டித் தேட வேண்டும். எத்தனை இருந்தாலும் முதல் ஐந்தைத்தான் காட்டும். அந்த முரட்டு விதியை எடுத்துவிட்டால் மர்மம் அரை மணியில் முடிந்துவிடும். லூகாஸ் போப்பின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ (2018) பழைய மெக்கின்டாஷ் போல இரண்டே நிறங்களில், உறைந்த கணங்களாக, ஒரு கப்பலில் இருந்த அறுபது பேரின் முடிவைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த வரிசையில் ‘வெண்பா’ (2023) முக்கியம். எண்பதுகளின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை, டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன படிகளை யோசித்து, இட்லியோ புட்டோ செய்து முடிக்க வேண்டும். மொத்தம் ஒன்றரை மணி நேரந்தான். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்ற புதிருக்கு விடை நம் வீட்டுப் பெண்களுக்கு யோசிக்காமலே தெரியும் என்பது வேறு விஷயம். ஆனால் மகன் தாய்மொழியை நழுவவிடும் துயரத்தை அழிந்த எழுத்துகளின் வழியே கைக்குள் கொண்டுவந்ததை எந்தப் புலம்பெயர்ந்தோர் திரைப்படமும் இவ்வளவு சிக்கனமாகச் செய்து நான் பார்க்கவில்லை. பாஃப்டா அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைக் கொடுத்தது.

இவற்றைப் படிக்கும் யாருக்கும் பழையதைத் தேடிப் பார்க்கத் தோன்றும். சிக்கல் அங்கேதான். அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. உரிமையாளர்கள் கைவிட்டதைக் காப்பாற்றுபவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். 2001இல் தொடங்கிய ‘ஸ்கம்விஎம்’ அப்படிப்பட்டவர்களின் மென்பொருள். லூகாஸ்ஆர்ட்ஸின் விளையாட்டுகளை இன்றைய கணிப்பொறியில் ஓட்டுவதற்காகப் பிறந்து, இப்போது நூற்றுக்கணக்கானவற்றுக்கு உயிர் கொடுக்கிறது. 2003இல் பிரிட்டனின் ரெவல்யூஷன் நிறுவனம் தன் ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ (1994) விளையாட்டை இலவசமாக விட்டுக்கொடுத்தது. ஓவியம் ‘வாட்ச்மென்’ புகழ் டேவ் கிப்பன்ஸ். வாய்த்துடுக்கான ஜோயி என்ற ரோபோ, உடம்பு மாறி உடம்பு மாறி நாயகனோடு கூடவே வரும். ஸ்கம்விஎம் தளத்தில் அந்த மென்பொருள், இந்த விளையாட்டு இரண்டையும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், பத்து வருடப் பழைய மடிக்கணினியிலும் ஓடும். அங்கிருந்து தொடங்குங்கள்.