பதினேழு சதவிகிதம்

குவாண்டம் கம்ப்யூட்டர் செய்திகளில் எனக்கு ஒரு புகார். எல்லோரும் எத்தனை க்யூபிட் என்று எண்ணிக்கையைத்தான் சொல்கிறார்கள். கணக்குப் போட்டு முடித்ததும் அவற்றைச் சரியாகப் படிக்க முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிக் காத்திருப்பார்கள். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்கவேண்டும் (டெல்லியிடம் கேட்டுத் தளர்த்துவது தனிக்கதை). முறை வருவதற்குள் ஐப்பசி மழை. காலையில் 16 இருந்த நெல் மாலையில் 20. மீட்டர் பொய் சொல்லவில்லை ஸார், அளப்பதற்குள் நெல் மாறிவிட்டது!

சூப்பர்கண்டக்டர் க்யூபிட்டிலும் இதே அவஸ்தை. அது 0வா 1ஆ என்று நேராகப் பார்க்க முடியாது. பக்கத்தில் ஒரு ரெஸொனேட்டர் வைத்திருப்பார்கள். க்யூபிட்டின் நிலையைப் பொறுத்து அதன் சுருதி இம்மியளவு மாறும். மெல்லிய மைக்ரோவேவ் அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்டுத் தீர்மானிக்கவேண்டும். நிதானமாகக் கேட்டால், அதற்குள் 1 சரிந்து 0 ஆகிவிடும். அதன் ஆயுசு மைக்ரோசெகண்டுகளில்தான். அவசரத்தில் பலமாகத் தட்டினால் க்யூபிட்டே கலைந்துவிடும். ஆகவே வேண்டியது, சன்னமான சிக்னலைத் தன் இரைச்சலைச் சேர்க்காமல் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர்.

அப்படி ஒன்றை வைத்து, க்யூபிட் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை நடக்கும்போதே பார்த்தவர்களில் ஒருவர் நம் விஜயராகவன். 2011, பெர்க்லி. பிறகு மும்பை டி.ஐ.எஃப்.ஆருக்கு வந்தார். அந்த நிறுவனம் டி.ஆர்.டி.ஓ., டி.சி.எஸ்ஸுடன் சேர்ந்து செய்த 6 க்யூபிட் ப்ராஸஸர் 2024ல் சோதனை முடித்தது.

2023ல் அங்கீகரிக்கப்பட்ட தேசிய குவாண்டம் திட்டத்துக்கு சுமார் 6,000 கோடி ரூபாய். இலக்கு, எட்டு வருஷத்தில் 50லிருந்து 1,000 க்யூபிட். நல்லது. ஆனால் ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொன்றையும் 99 சதவிகிதம் சரியாகப் படித்தாலும், ஐம்பதையும் பிழையில்லாமல் படிக்கும் வாய்ப்பு 60 சதவிகிதம்தான். ஆயிரத்துக்கு? லட்சத்தில் நாலு!

எனவே அடுத்த முறை பேப்பரில் 'இத்தனை க்யூபிட்' என்று பார்த்தால், படிக்க எத்தனை நேரம், எத்தனை பிழை என்று கேளுங்கள். டெல்டா விவசாயி மூட்டையை எண்ணிச் சந்தோஷப்படமாட்டார். ''மொதல்ல ரசீது கைக்கு வரட்டும்'' என்பார்.