முதல் நாளில் மிச்சம் வைக்கத் தெரிய வேண்டும்

கொழும்பிலிருந்து கரையோரமாக வடக்கே புறப்படும் மோட்டார் சைக்கிள் அணி எதுவானாலும், நீர்கொழும்பு வீதியில் ஹெந்தளைச் சந்தியைக் கடந்தே போகும். பேலியகொடையில் தொடங்கும் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை 2013இல் திறக்கப்பட்டது. ஆனால் இரு சக்கர வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. கார்கள் தடையின்றி விமான நிலையத்துக்குப் பறக்க, நல்ல காரியத்துக்கு நிதி திரட்டக் கிளம்பியவர்கள் வத்தளை, மாபோலை, கந்தானை, ஜா-எல என்று சந்திக்குச் சந்தி கிளச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பல நாள் ஓடவேண்டிய பயணத்தின் தலைவிதி இந்த நெரிசலிலேயே எழுதப்படத் தொடங்குகிறது.

இத்தகைய பயணங்களில் பெரும்பாலான தவறுகள் வண்டி நகர்வதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. காலை 6 மணிக்குப் புறப்பாடு என்று அறிவிப்பார்கள். விளக்கேற்றல், அனுசரணையாளர் உரை, பதாகையோடு படம் என்று எட்டு மணி தாண்டிவிடும். அதற்குள் அலுவலக நெரிசல் வீதியை மூடிவிடும். இழந்த இரண்டு மணி நேரத்தைச் சிலாபத்துக்கு அப்பால் ஈடுசெய்யலாம் என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் புகுந்துகொள்கிறது. அங்கே பிறக்கும் அவசரம்தான் ஆபத்து. விழாவை முந்திய நாள் மாலையிலேயே வைத்து, அதிகாலை 5 மணிக்குச் சத்தமில்லாமல் கிளம்பும் அணி பாதி வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு போகிறது.

வீதியைப் பிரித்துப் பார்ப்போம். ஹெந்தளையிலிருந்து நீர்கொழும்பு வரை நின்று நின்று போகும் ஓட்டம். தூரம் குறைவு, களைப்பு அதிகம். இடது கைக்கும் எஞ்சினுக்கும் ஒரே சமயத்தில் சோதனை. கொச்சிக்கடை தாண்டி மாரவில, சிலாபம் வரை தென்னந்தோப்புகளும் ஊர்களும் மாறி மாறி வரும். ஒருவரையொருவர் முந்தும் பஸ்கள்தான் அங்கே எதிராளி. சிலாபத்துக்குப் பிறகு வீதி நிமிரும், வெயில் ஏறும், பக்கக் காற்று சிறிய வண்டிகளைத் தள்ளிப் பார்க்கும். கொழும்பிலிருந்து சுமார் 130 கிலோமீற்றரில் புத்தளம். அங்கிருந்து நொச்சியாகம வழியாக அநுராதபுரத்துக்கு இன்னும் 75 கிலோமீற்றர் வரை. குடியிருப்புகள் ஐதாகிவிடும் இந்தக் கடைசிப் பகுதியில், பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரலாம்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர்தான். 150 சிசி வண்டியில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தவர்கள் பலர் உண்டு. முடியுமா என்பதைவிட, மறுநாள் காலையில் அதே உடம்போடு மறுபடி ஏறி உட்கார முடியுமா என்பதே பெரிய கேள்வி. என் கணக்கு இதுதான்: புதியவர்கள் கலந்த அணி புத்தளத்தில் நிற்கட்டும். பழகிய அணி பிற்பகல் 3 மணிக்குள் அநுராதபுரத்தில் வண்டியை நிறுத்தட்டும். அதற்கு மேல் ஒரு கிலோமீற்றரும் வேண்டாம்.

இதைச் சொல்லும் துணிச்சலை எனக்குத் தந்தது நடந்தே போனவர்களின் கணக்கு. நேதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவவும் 2011 ஜூலை 1ஆம் திகதி தெய்வேந்திரமுனையில், புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டும் 'ட்ரெயில்' நடையைத் தொடங்கினார்கள். ஜூலை 27இல் பருத்தித்துறையில் முடித்தார்கள். 670 கிலோமீற்றர், 27 நாள். வகுத்தால் நாளுக்கு 25 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. தெம்பாக இருக்கும் முதல் நாளில் ஐம்பது நடந்து பெயர் வாங்கலாம்தான். ஆனால் மூன்றாம் நாள் பாதம் வெடித்திருந்தால் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் எங்கிருந்து வந்திருக்கும்? முழுதாக முடிந்ததால்தான் 2016இல் அதே நடையை வடக்கிலிருந்து தெற்கே திருப்பி, காலி கராப்பிட்டியவில் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மறுபடி நிதி திரட்ட முடிந்தது. இயன் பொத்தம் 1985இல் பிரித்தானியாவில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஆய்வுக்காகத் தொடங்கிய நடை வரிசை 2013இல் கிளிநொச்சியிலிருந்து சீனிகம வரை நீண்டதும் இப்படித்தான்.

'ட்ரெயில்' நடையில் சேர்ந்து நடந்த கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தனவை எண்ணிப் பாருங்கள். 2006 ஜூலையில் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக இலங்கை 14 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்டுகளை இழந்திருந்தபோது அவர் களமிறங்கினார். அன்று ஆட்டம் முடியும்வரை அவரும் சங்கக்காரவும் விக்கெட்டைக் காத்தார்கள். 624 ஓட்ட இணைப்பாட்டமும் மஹேலவின் 374 ஓட்டங்களும் அந்த முதல் நாள் மாலையின் நிதானத்தில் முளைத்தவை. நீண்ட பயணத்தின் முதல் நாளுக்கு அவசியமான குணமும் அதுதான்.

அணியின் நீளமும் கணக்குப் பார்க்க வேண்டிய விடயம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர் ஓடுகிறது. முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் இரண்டு விநாடி இடைவெளி என்றால் 33 மீற்றர். இருபது வண்டிகள் அப்படி ஒற்றை வரிசையில் போனால் அணி 600 மீற்றரைத் தாண்டும். எந்த பஸ்ஸும் அதை ஒரே மூச்சில் முந்த முடியாது, நடுவில் நுழையத்தான் செய்யும். ஐந்தைந்து வண்டிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் அனுபவமுள்ள ஒருவர் என்று போவதே ஒழுங்கு. வேகத்தை முன்னவர் தீர்மானிக்கக் கூடாது. குழுவில் மிகவும் தயங்கி ஓட்டுபவரின் வேகமே குழுவின் வேகம்.

மணிக்கொரு தடவை நிற்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். ஜக்கெட்டுக்குள் வியர்வை காற்றில் காய்ந்துவிடுவதால், உடல் நீரை இழப்பது ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. கவனம் சிதறும்போதுதான் தெரியும். மாலையில் செயினுக்கு எண்ணெய் போட்டு, நட்டுகளைத் தொட்டுப் பார்த்து, மறுநாள் காலையில் டயர் சூடேறுமுன் காற்றை அளந்துவிட்டால், இரண்டாம் நாளின் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

பயணத்தின் தொடக்கத்தில் கடந்த அதே ஹெந்தளையில் ஒரு தொழுநோய் வைத்தியசாலை இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1708இல் தொடங்கியது. முந்நூறு ஆண்டு கடந்தும் நோயாளரைக் கவனிக்கும் வேலை தொடர்கிறது. நோயும் தேவையும் ஒரு வருடத்து நிதியோடு முடிந்துபோவதில்லை. ஆகவே ஓர் அறப் பயணத்துக்கு இந்த வருடம் முடிவதைவிட அடுத்த வருடமும் புறப்பட முடிவது முக்கியம். முதல் நாளில் ஒரு பிள்ளை விழுந்து கையை முறித்துக்கொண்டால் பெற்றோர் மறுமுறை அனுப்பமாட்டார்கள், பணம் கொடுத்தவர்களும் யோசிப்பார்கள்.

ஆகவே ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் இரவு வெளியிடும் செய்தியில் முதலில் வந்தவரின் நேரம் வேண்டாம். கடைசி வண்டி எத்தனை மணிக்குச் சேர்ந்தது, எல்லோரும் நலமா, அன்றுவரை சேர்ந்த நிதி எவ்வளவு என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். கடைசி வண்டி வெளிச்சத்திலேயே சேர்ந்திருந்தால் அந்த அணி நன்றாக ஓட்டியிருக்கிறது. கொடுத்தவர்களின் பணத்துக்கும் அது மரியாதை செய்திருக்கிறது.