புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’: அன்பின் கதையா, குற்றச்சாட்டா?

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘செல்லம்மாள்’ தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் தனியிடம் பெற்ற படைப்பு. திறனாய்வாளர் பலர் இதனை இல்லற அன்பின் உச்சநிலையைக் காட்டும் கதை எனப் போற்றியுள்ளனர். அம்மதிப்பீடு தவறன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. நோயாளியைப் பேணும் ஒரு மனிதனின் அன்பை வியந்து நிற்கும் வாசகன், அம்மனிதன் ஏன் தனியாக விடப்பட்டான் என்று கேட்க மறந்துவிடுகிறான். அந்தக் கேள்வியைக் கதையினின்றே எழுப்பி, அது திருச்சபையின் போதனைக்கும் மேய்ப்புப்பணிக்கும் விடுக்கும் அறைகூவலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையின் அமைப்பு

கதை செல்லம்மாளின் சாவில் தொடங்குகிறது. பின்னரே அவள் வாழ்ந்த வாழ்வுக்குத் திரும்புகிறது. அவளுடைய கணவர் பிரமநாயகம் பிள்ளை தென்பாண்டிச் சீமையினின்று பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தவர், ஜவுளிக்கடைச் சிப்பந்தி. பிள்ளைப்பேறு இல்லை. சுற்றத்தார் தொலைவில் உள்ளனர். நகரின் ஓரத்தில் ஒரு வீடு, முதலாளியின் தயவை நம்பி நிற்கும் சம்பளம், ஆண்டுக்கணக்கில் நீளும் மனைவியின் நோய் ஆகியவையே அவர்தம் உலகம். பகலெல்லாம் கடையில் உழைப்பவர் வீடு திரும்பியதும் தாதியாகிறார், சமையற்காரராகிறார், தாயுமாகிறார். நோயின் மயக்கத்தில் அவள் அவரைத் தன் தாயென்றே எண்ணிப் பேசுகிறாள். இறுதியில் அவளது உடலைக் குளிப்பாட்டும் கடமையும் அவர் கைக்கே வருகிறது.

இவற்றை ஆசிரியர் கண்ணீர் வருவிக்கும் நடையில் சொல்லவில்லை. உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. எவரையும் குற்றவாளியாக நிறுத்தவும் இல்லை. ஆனால் அவர் எவற்றைச் சொல்லாமல் விடுகிறார் என்பதைக் கவனித்தல் வேண்டும். ஆண்டுக்கணக்கான நோயின் கதையில் அச்சுமைக்குத் தோள்கொடுக்கும் அயலார் இல்லை. முறைவைத்து வந்து அமரும் உறவினர் இல்லை. வழிபாட்டுச் சமூகம் எதுவும் அவ்வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அரசு என்பது கதையின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. இந்த வெறுமை தற்செயலானதன்று. கதையின் அமைதிக்குள் ஒரு குற்றச்சாட்டு உறைந்திருக்கிறது என்பதே எம் கருத்து.

பளு நீங்கிய உணர்வு

மனைவி இறந்ததும் பிள்ளையின் உள்ளத்தில் எழுவது பெருந்துயரம் அன்று. ஒரு பளு இறங்கிய உணர்வு. இவ்விடத்தில் வாசகர் சிலர் தடுமாறுகின்றனர். இத்துணை அன்புடையவர் இவ்வாறு உணர்வாரோ என வினவுகின்றனர். நெடுநாள் நோயாளியைப் பேணியவர்களை அருகிருந்து அறிந்த போதகர் எவரும் இதில் தடுமாறமாட்டார். அடக்க ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தபின் இவ்வுணர்வையே குற்றவுணர்வோடு முணுமுணுப்போர் நம் சபைகளில் உள்ளனர். அன்பு குறைந்ததால் அவர்கள் அப்படி உணர்வதில்லை. பலர் சுமக்கவேண்டியதை ஒருவர் சுமந்ததால் உணர்கின்றனர்.

கலாத்தியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் இங்கே நமக்கு உதவும். அதன் இரண்டாம் வசனம் ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கவேண்டும் என்கிறது. ஐந்தாம் வசனமோ அவரவர் தத்தம் சுமையைச் சுமக்கவேண்டும் என்கிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் ‘பாரம்’ என்னும் ஒரே சொல்லை ஆளுவதால் முரண்பாடு போலத் தோன்றுகிறது. கிரேக்க மூலத்திலோ சொற்கள் வேறு. முன்னது ‘பாரோஸ்’, ஒருவனை அழுத்தி வீழ்த்தும் பளு. பின்னது ‘பொர்த்தியோன்’, வழிநடப்பவன் தானே தூக்கிச் செல்லத்தக்க மூட்டை. தம்முடைய சுமை இலகுவானது என இயேசு மத்தேயு நற்செய்தியில் கூறும்போதும் இப்பின்னைய சொல்லே வருகிறது. பிரமநாயகம் பிள்ளையின் தோளில் இருந்தது பொர்த்தியோன் அன்று, பாரோஸ். அதனை அவருடைய மூட்டை என்று சொல்லி அப்பால் நடந்தது சமுதாயம். அத்தகைய சுமையைத் தனியொருவன் தாங்கினான் என்று புகழ்வது, அவனுக்குத் தோள்கொடாதவர்கள் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் மன்னிப்பாக முடியும்.

குடும்பத்தின் கடமையும் சமூகத்தின் கடமையும்

‘குடும்பம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று கூறுவோர்க்குத் திருமறை ஆதாரம் இல்லாமல் இல்லை. பெற்றோர்க்குச் செய்யவேண்டியதைக் ‘கொர்பான்’ என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தார். தன் வீட்டாரைப் பேணாதவனைப்பற்றி 1 தீமோத்தேயு ஐந்தாம் அதிகாரத்தின் எட்டாம் வசனம் கடுமையாகவே பேசுகிறது. அவ்வசனம் நம் பிரசங்கங்களில் அடிக்கடி ஒலிப்பதுண்டு. ஆயின் அதே அதிகாரம் சபை விதவைகளின் பெயர்களைப் பதிவுசெய்து வைத்திருந்தது என்பதையும் தெரிவிக்கிறது. உறவினர் தம் கடமையைச் செய்யவேண்டும் என்பதற்குப் பதினாறாம் வசனம் காட்டும் காரணம், அதனால் சபை ஆதரவற்றோரைத் தாங்க முடியும் என்பதே. அஃதாவது, குடும்பத்தின் கடமை சபையின் கடமைக்கு முடிவுகட்டவில்லை. அதற்கு இடம் செய்கிறது. எட்டாம் வசனத்தை மட்டும் வாசித்துப் பதினாறாம் வசனத்தை விட்டுவிடுவது பாதி வாசிப்பே.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் கிரேக்கமொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர் அவ்விதவைகளின் உறவினருக்குப் புத்திமதி எழுதியனுப்பவில்லை. ஏழுபேரைச் சபையாரைக்கொண்டு தெரிந்தெடுக்கச் செய்து அப்பணியில் அமர்த்தினர். சிலுவையினின்று இயேசு தம் தாயைத் தம் சீடனிடம் ஒப்புவித்ததும் இரத்த உறவின் எல்லையைத் தாண்டிய செயலே.

சட்டமும் அதே பாதையில்

நம் நாட்டுச் சட்டங்களும் பெரும்பாலும் குடும்பத்தையே முதலிலும் முடிவிலும் நோக்குகின்றன. கதை எழுதப்பெற்றபின் 1947-இல் சென்னை மாகாணத்தில் கடைகள், நிறுவனங்கள் பற்றிய சட்டமும், 1948-இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டமும் வந்தன. இவை கடை ஊழியரின் நிலையை உயர்த்தின. எனினும் ஈட்டுறுதிச் சட்டத்தின் நோய்க்கால உதவித்தொகை தொழிலாளியின் சொந்த நோய்க்குரியது. மனைவியின் படுக்கையருகே அமர்வதற்கு உரியதன்று.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டத்தை நாடாளுமன்றம் 2007-இல் நிறைவேற்றியது. கைவிடப்பட்ட முதியோர் தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத்தொகை பெற அது வழிவகுத்தது. நல்ல சட்டமே. ஆனால் அது பிள்ளைகளை நோக்கியே விரல் நீட்டுகிறது. பிள்ளையற்றோர் தம் சொத்தை வைத்திருக்கும் அல்லது பின்னர் அடையவிருக்கும் உறவினரிடமே கேட்கலாம். அதுவும் 60 வயது நிறைந்தோர்க்கே உரியது. பிள்ளையும் சொத்தும் இல்லாமல், முதுமையால் அன்றி நோயால் வாடும் ஒருத்தி அச்சட்டத்தின் கதவைத் தட்ட இயலாது. 1943-இல் கதைக்கு வெளியே நின்ற அரசு, 2007-இன் சட்டத்திலும் செல்லம்மாளின் வீட்டுக்குள் நுழையவில்லை.

வேறு வழி இல்லையா? உண்டு. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண ஆதரவுப் பணி, பின்னர் மலப்புரம் முதலிய இடங்களில் அக்கம்பக்கத்தார் தாமே பயிற்சி பெற்றுப் படுக்கையிலுள்ளோரின் வீடுகளுக்குச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை வகுத்து, உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் செவிலியரை வீடுதேடி அனுப்பும் முறையைப் பரப்பியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் வீட்டிற்கே சென்று செய்யும் ஆதரவுச் சிகிச்சையைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. இவை குடும்பத்தை அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்பவை அல்ல. குடும்பத்தின் அருகில் வந்து அமர்பவை.

இரு மறுப்புகள்

கலைப்படைப்பைச் சமூகப் பாடமாக வாசித்தல் முறையோ எனச் சிலர் கேட்கலாம். கதையில் இல்லாத கொள்கையை அதன்மேல் ஏற்றுவது முறையன்றுதான். ஆனால் அந்தத் தனிமை நாம் ஏற்றியதன்று. ஆசிரியர் வரி வரியாக அமைத்தது. மேலும் இப்படைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. நாம் யாவற்றையும் கணவரின் அருகிலிருந்தே காண்கிறோம். செல்லம்மாள் தன் நோயைப்பற்றி, தான் பிறர்க்குச் சுமையாயிருப்பதைப்பற்றி எண்ணியதை நாம் மிகுதியும் அறிவதில்லை. பேணுபவரை மட்டும் கண்டு பேணப்படுபவரை மறக்கும் இக்குறை நம் மேய்ப்புப்பணியிலும் நேரக்கூடியதே. நோயாளியின் தலைக்கு மேலே வீட்டாருடன் பேசிவிட்டு ஜெபித்துத் திரும்பும் சந்திப்புகள் எத்தனை!

பிறர் உதவி வந்தால் குடும்ப அன்பு குளிர்ந்துபோகும் என்பது மற்றொரு மறுப்பு. கதையே இதற்கு விடையளிக்கிறது. பிள்ளை மனைவியின் அருகில் இருக்கவேண்டிய பொழுதெல்லாம் கடையில் நிற்கிறார். நின்றால்தான் மருந்துக்கு வழி. ஓர் அயலார் பகலில் இரண்டு மணி நேரம் அங்கு அமர்ந்திருந்தால் அவரது அன்பு எவ்வகையில் குறைந்திருக்கும்? கவலையின் ஒரு பகுதி நீங்கி, அவளோடு பேசியிருக்க அவருக்குப் பொழுது கிடைத்திருக்கும்.

முடிவுரை

இறையியல் மாணவரும் அருட்பணியாளரும் இக்கதையை வாசித்தல் வேண்டும். வாசித்தபின் தம் சபைப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைத்திருக்கிறோம். நெடுநாள் நோயாளியையோ, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையையோ, நினைவிழந்த முதியவரையோ பேணுகின்ற வீடுகளுக்கு ஒரு பட்டியல் உண்டா? அவ்வீடுகளில் வாரம் ஒரு பிற்பகல் அமர்ந்திருக்கச் சபையார் முறைவைத்துச் செல்கின்றனரா? அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித்தரவும் அலுவலகத்துக்கு உடன் செல்லவும் ஆள் உண்டா? இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை.

பேணியவரின் பொறுமையை அடக்க ஆராதனையில் புகழ்வது எளிது. அவர் பேணிக்கொண்டிருக்கும்போதே அவ்வீட்டுக் கதவைத் தட்டுவது கடினம். அவ்வாறு ஒருவரும் தட்டாத ஒரு வீட்டையே புதுமைப்பித்தன் நமக்குக் காட்டியிருக்கிறார். நம் சபை எல்லைக்குள் அத்தகைய வீடு எது என்று தேடிச் செல்வதே இக்கதைக்கு நாம் எழுதத்தக்க நேர்மையான திறனாய்வு.