அப்பர் தீர்த்தத்தை மறுத்தாரா? பாவநாசத் திருக்குறுந்தொகை: ஒரு மறுவாசிப்பு

திருநாவுக்கரசர் அருளிய பாவநாசத் திருக்குறுந்தொகை (ஐந்தாம் திருமுறை, பதிகம் 99), தீர்த்தமாடுதல் பற்றிய விவாதங்களில் பலராலும் எடுத்தாளப்படுவதாகும். கங்கை, காவிரி, குமரித்துறை, கடல் ஆகியவற்றில் நீராடுவதால் விளையும் பயன் யாது என அப்பதிகம் வினவுகிறது. இவ்வினாவை மட்டும் பிரித்தெடுப்போர், அப்பர் புனித நீராடலையே மறுத்தார் என முடிவு செய்கின்றனர். பதிகம் முழுவதையும் நோக்குமிடத்து அம்முடிவு பொருந்தவில்லை.

முதலாவது, வினாவின் அமைப்பு. நீராடலை நோக்கி எழும் அதே வினா, வேதம் ஓதுதல், சாத்திரம் கேட்டல் ஆகியவற்றை நோக்கியும் எழுகிறது. தீர்த்தம் மறுக்கப்பட்டது எனின், வேதமும் கல்வியும் மறுக்கப்பட்டன என்றே கொள்ள நேரும். மேலும், நீராடல் பற்றிய வினா ஒரு நிபந்தனையோடு முடிகிறது: இறைவன் எங்கும் நிறைந்தவன் எனக் கொள்ளாதவர்க்கே பயனில்லை. பதிகத்தின் முதற்பாடலோ ஆனைந்து ஆடும் இறைவனை நினையுமாறு பணித்தே தொடங்குகிறது. சடங்கை வெறுத்தவர் கூற்றாக இதனைக் கொள்ளவியலாது.

இரண்டாவது, உவமை. அன்பின்றிக் கோடி தீர்த்தங்களில் ஆடுவோரை, ஓடும் நீரை ஓட்டைக் குடத்தில் வார்த்து மூடிவைக்கும் மூர்க்கனோடு அப்பர் ஒப்பிடுகிறார். இவ்வுவமையில் குறை குடத்தைச் சார்ந்தது, நீர் குறைகூறப்படவில்லை. நீருக்கு மதிப்பில்லையேல், அது ஒழுகிப்போவது இழப்பாகாது, உவமையும் பொருளற்றுப்போகும்.

எனினும் நாயன்மார் அனைவரும் ஒரே நோக்கினர் எனக் கூறுதல் மிகையாகும். இரண்டாம் திருமுறைத் திருவெண்காட்டுப் பதிகத்தில் சம்பந்தர், அத்தலத்து முக்குள நீரில் தோய்வோர்க்குப் பேய் அணுகாது, மகப்பேறு வாய்க்கும் என உறுதி கூறி, ஐயம் வேண்டா என்கிறார். அங்கு நீரின் ஆற்றல் முன்னிற்க, அப்பரிடம் ஆடுவோரின் தகுதி முன்னிற்கிறது. இவ்வேறுபாடு மறைக்கப்படலாகாது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார், கயிலை செல்லும் வழியில் ஒரு பொய்கையில் மூழ்கிய அப்பர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்ததாகப் பாடுகிறார். பிற்கால நூலாதலால் இது அப்பரின் கருத்துக்கு நேர்ச்சான்றாகாது. ஆயினும் சைவ மரபு அவரைத் தீர்த்த மறுப்பாளராகக் கொள்ளவில்லை என்பதனை இது உணர்த்துகிறது. அப்பரின் வினா குளத்தை நோக்கியதன்று. குளத்தில் இறங்குவோரை நோக்கியது. அதனைத் தீர்த்த மறுப்பாகச் சுருக்குவோரும், நீராடினாலே போதும் என அமைவோரும் அவ்வினாவுக்கு விடையளிப்பதில்லை.