பதநீரும் ஏரி இறாலும்

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. கிழக்கே பழவேற்காடு ஏரி. இந்தப் பக்கம் பதநீர் என்றாலே நுங்கைத்தான் தேடுகிறோம். குளிர்ச்சியோடு குளிர்ச்சி, நல்லதுதான். ஆனால் பதநீருக்குச் சரியான ஜோடி இந்த ஏரி இறால் என்பேன். உப்பும் மிளகாய்த்தூளும் தூக்கலாகப் போட்டு, ஓரம் முறுகி லேசாகக் கருகும்வரை வறுத்த இறாலைக் கடித்ததும் நாக்கு சுரீரென்று எரியும். உடனே பனையோலைப் பட்டையிலிருந்து ஒரு வாய் பதநீர். காரம் தணியும், உப்பு பட்ட நாக்கில் இனிப்பு எடுப்பாக நிற்கும், கடைசியில் மெல்லிய சுண்ணாம்பு வாசம். பிரான்சில் சோத்தெர்ன் என்ற இனிப்பு ஒயினை, உப்புக் கரிக்கும் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியோடு பரிமாறுவதும் இதே கணக்கில்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால்தான் பதநீர் புளிக்காமல் இருக்கிறது, தடவாவிட்டால் கள்ளாகிவிடும். காலையில் இறக்கியதை வெயில் ஏறுமுன் குடித்துவிடுங்கள். இறாலைச் சுடச்சுட வைத்துக்கொள்ளுங்கள்.